பொம்மைக் கார்களின் பெயின்ட் உரிப்பு: கோட்பாடும் கொதிநிலையும்

பூசுவதைப் பற்றி மனித குலம் எழுதிக் குவித்திருக்கிறது. பூசியதை எடுப்பது பற்றிய அறிவோ பெரும்பாலும் பழைய ஊறுகாய் பாட்டில்களுக்குள்ளேயே தங்கிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் உலோகப் பொம்மைக் காரிலிருந்து பழைய பெயின்டை நீக்கும் துறையை முறைப்படுத்த இவ்வாய்வாளர் துணிந்தது அதனால்தான். வேறு யாரும் முன்வரவில்லை என்பது கூடுதல் காரணம்.

வரலாற்றுப் பின்புலம் இல்லாவிட்டால் ஆய்வேடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் லிவர்பூலில் செய்த வண்டிகளுக்கு 1934-இல் டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. பிற்காலத்தில் அவற்றின் அச்சுகள் சில கல்கத்தா வந்து சேர்ந்து, நிக்கி டாய்ஸ் என்று மறுபிறவி எடுத்தன. லண்டனில் ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைக்கு மட்டுமே அனுமதியாம். தகப்பன் அந்த அளவுக்கு ஒரு ரோடு ரோலர் செய்து கொடுக்க, 1953-இல் மேட்ச்பாக்ஸ் வரிசை தொடங்கியது. 1968-இல் அமெரிக்காவின் மேட்டல் ஹாட் வீல்ஸை இறக்கியது. தாங்கள் பூசியதை ஒருவன் பிற்காலத்தில் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று இவர்களில் எவரும் எண்ணியதாகச் சான்றில்லை.

இந்தக் கார்களின் உடம்பு ஸமாக் என்னும் கலப்புலோகம். பெரும்பகுதி துத்தநாகம், ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம், பெயருக்கு மக்னீசியமும் செம்பும். துறையின் சிக்கல்கள் அனைத்தும் இங்கிருந்தே கிளைக்கின்றன. துத்தநாகம் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும். எந்த ஆட்சி வந்தாலும் அமைச்சராகிவிடும் பேர்வழியின் சுபாவம் அதற்கு.

அறிஞரிடையே நிலவும் கொள்கைகளை இனிப் பார்ப்போம். வீட்டுப் பெரியவர்கள் புளிக்கொள்கையினர். பித்தளைக் குடம் பளபளத்தது போல் காரும் பளபளக்கும் என்பது இவர்கள் துணிபு. புளியின் அமிலம் பெயின்டை ஒன்றும் செய்யாது; பெயின்ட் பெயர்ந்த இடங்களில் துத்தநாகத்தை மட்டும் மெல்ல அரிக்கும். உப்புத்தாள் கொள்கையினர் உழைப்பை நம்புபவர்கள். கதவிடுக்கு, முகப்புக் கம்பி, கையெழுத்து போன்ற நுண்ணிய எழுத்துகள் எல்லாம் தேய்ந்து, முடிவில் காருக்குப் பதில் சோப்புத் துண்டு ஒன்று மிஞ்சும். மிகப் பழைய பொம்மையானால் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்தபடி தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசிப்பது ஆய்வு ஆர்வத்தில் சேராது.

காரவாதிகள் காஸ்டிக் சோடாவைக் கரைத்துக் காரை அதில் போடுகிறார்கள். போட்டதும் குமிழிகள் எழும். பெயின்ட் போகிறது என்று அகமகிழ்வார்கள். அக்குமிழிகள் ஹைட்ரஜன், பெயின்டோடு சேர்ந்து போய்க்கொண்டிருப்பது கார். குறுகிய நேரத்தில் எடுத்துக் கழுவினால் பிழைக்கும். இரவு ஊறப்போட்டுவிட்டுத் தூங்குபவர்கள் காலையில் கறுத்து அரித்த ஓர் உருவத்தை எடுப்பார்கள்.

இறுதியாக ஹார்டுவேர் கடை பெயின்ட் ரிமூவர். இதன் பழைய வகைகளில் டைகுளோரோமீத்தேன் முதன்மைப் பொருள். அது பெயின்டைக் கரைப்பதில்லை. உள்ளே புகுந்து உப்பவைக்கிறது. சில நிமிடங்களில் பெயின்ட் சுருக்கம் விழுந்து, அப்பளம்போல் எழும்பி, பழைய பல்துலக்கியின் ஒரு தள்ளலில் கழன்று வரும். இக்காட்சியைக் கண்டவர் பிறகு வேறு கொள்கைக்கு மாறியதில்லை. ஆனால் அதன் கொதிநிலை ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ். சென்னைக் கத்திரி வெயிலில் டப்பாவைத் திறப்பவர் இதைக் கருத்தில் கொள்க. அந்த ஆவி உடலுக்குள் போனால் அங்கே கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் 2019-இல் வீட்டு உபயோகத்துக்கான விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். எனவே மொட்டை மாடி, தகுந்த கையுறை, காற்று எதிர்ப்பக்கம் வீசும் வேளை.

இவை அனைத்துக்கும் முன்னதாக ரிவெட் என்னும் தடை. அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையை மட்டும் ட்ரில்லால் எடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் காரை முழுதாக முக்கியவர்களின் கண்ணாடிகள், ஸ்டீயரிங், இருக்கை எல்லாம் பிளாஸ்டிக் ஆனபடியால் ஒன்றாகக் கூழாகி, ஓட்டுநர் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கிறது.

உரிக்கக் கூடாதவையும் உண்டு. தொடக்ககால ஹாட் வீல்ஸில், மெருகேற்றிய உலோகத்தின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தைப் பூசியிருந்தார்கள். அதை உரித்துவிட்டுச் சாதாரண ஸ்ப்ரே டப்பாவை எடுப்பவரோடு இவ்வாய்வாளர் பேசுவதில்லை. போருக்கு முந்தைய டிங்கிகள் சிலவற்றில் கலப்புலோகத்தில் ஈயம் கலந்துவிட்டதால் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது சில வேளை பெயின்ட் மட்டுமே.

இனி இவ்வாய்வின் மையக் கருதுகோள்: உரிக்கப்பட்ட கார் மீண்டும் பூசப்படுவதில்லை. உரிப்பதன் நோக்கம் பூசுவதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். துத்தநாகத்தில் பெயின்ட் எளிதில் ஒட்டாது. நன்றாகக் கழுவி, கைரேகை படாமல், தாமதிக்காது பிரைமர் அடிக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வெற்றுடம்புக் கார்கள் ஷூ டப்பாவில் படுத்து, பளபளப்புப் போய், மங்கிச் சாம்பல் பூக்கின்றன. நிறத்தைத் தேர்ந்துகொண்டிருப்பதாக ஆர்வலர் விளக்கம் தருவார். பூசினால் வேலை முடிந்துவிடும், முடிந்தால் அடுத்த கார் வாங்க வீட்டில் காரணம் சொல்ல வேண்டும் என்பதே உண்மை.

இவ்வாய்வேட்டின் வாய்மொழித் தேர்வு வீட்டுக் கூடத்தில் நடைபெற்றது. புறத்தேர்வாளராக வந்திருந்த அத்தை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்டா, கடையிலேயே சில்வர் கலர் இருந்திருக்குமே?" அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று பணிவுடன் தெரிவிக்கப்பட்டது.