பல்லே துணை

மாமா வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் கத்திரிக்கோலை எடுத்து ஒளித்து வைப்போம். பிரயோசனமில்லை. அவரிடம் பல் இருக்கிறது.

வைஃபை பெட்டியின் அடாப்டர் செத்திருக்கும். பீரோ மேல் பழைய அடாப்டர் ஒன்று கிடக்கும். அதன் வட்டப் பின் இதில் ஏறாது. மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். மாமா இரண்டு வயரையும் நடுவில் நறுக்கி, அதன் உடம்பில் இதன் வாயை ஒட்டிவிடுவார். நாகல் நகரோ, பேகம்பூரோ, ஒய்.எம்.ஆர். பட்டியோ, திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒரு மாமா உண்டு.

நறுக்கிய வயரை உரிக்க வேண்டுமல்லவா, அங்கேதான் பல். நானே ஒரு வயர் ஸ்ட்ரிப்பர் வாங்கிக் கொடுத்தேன். அது உறை பிரியாமல் சாமி அலமாரியில், பழனி பஞ்சாமிர்த டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொட்டு வைக்காததுதான் பாக்கி.

வயரை முதலில் கைலி நுனியில் துடைப்பார். சுத்தத்தில் குறை வைக்க மாட்டார். பிறகு வலது கோரைப்பல்லுக்குக் கொடுத்து, கண்ணை மூடி, கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவார். நடுவில் பேச்சும் உண்டு. "ஹுவிச்ச ஆஃப் ஹண்ணு மாஹ்ள!" சுவிட்சை ஆஃப் பண்ணச் சொல்கிறார் என்று நமக்கு விளங்குவதற்குள் வயர் உரிந்திருக்கும். உரிந்த கம்பியை நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்வார்: "செம்பு இல்ல மாப்ள. அலுமினியத்துக்கு மேல பூச்சு." மலிவு வயர்களில் அந்த மோசடி உண்டுதான், நாக்கில் கண்டுபிடிப்பவர் இவர் ஒருவர்தான். அப்புறம் ரப்பர் துணுக்கை 'தூ' என்று துப்புவார். ஜன்னல் இருக்கிற திசையில் அல்ல.

சாயங்காலம் அவரைக் கூப்பிடவே கூடாது. வாயில் வெற்றிலை இருக்கும். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று உள்ளே போன வயர்கள் இரண்டும் சிவப்பாக வெளியே வரும். இதில் எது பிளஸ், எது மைனஸ்? "மாத்தி மாத்திக் குடுத்துப் பாப்போம். எரிஞ்சா சரி" என்பார். எரியத்தான் செய்யும். லைட்டா, பெட்டியா என்பதுதான் கேள்வி.

வயருக்குள் இருப்பவை மயிரிழைக் கம்பிகள். ரப்பர் எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது என்று பல்லுக்குத் தெரியாது. பாதி இழைகள் ரப்பரோடு போய்விடும். மிச்சத்தில் மொத்தக் கரண்டும் ஓடினால் அந்த இடம் சுடும், டேப் பசை இளகும், மாதம் பிறந்தால் மறுபடி மாமா.

போன வருடம் அந்தக் கோரைப்பல் ஆட்டம் கண்டது. எடுத்துவிட்டு வேறு பல் கட்டலாம் என்றார் பல் டாக்டர். மாமா கேட்டது ஒன்றுதான்: "கட்டின பல்லுல வயரு உரிக்கலாங்களா?"

காசு வாங்க மாட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் சட்டைப் பையில் டேப்போடு வந்து நிற்பார். ஒரு டீ போதும்.

எனக்கு ஆறாதது வேறு. மாமா வாலிபத்தில் நல்லாம்பட்டிப் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு அது. ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்கக் கூடாது என்று லீவர் லீவராக ராவியவருக்கு, அடாப்டர் பின்னும் ஒரு சாவிதான் என்று தெரியாதா? கேட்டால், "எல்லாம் கம்பெனிக்காரன் களவாணித்தனம் மாப்ள" என்கிறார்.

பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். வட்டப் பின்களில் பலவற்றுக்கு வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்துளை மட்டும் சிலதில் 2.1, சிலதில் 2.5. அந்த அளவுக்கும் வோல்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதனால் 12 வோல்ட் பெட்டிக்குச் சரியான 12 வோல்ட் அடாப்டர் ஏறாமல் முரண்டு பிடிக்கும். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் ஜம்மென்று ஏறிப் பெட்டியைக் கொளுத்தும். லேப்டாப் அடாப்டருக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த லேப்டாப்கள் பல வீடுகளில் எப்போதோ படுத்துவிட்டன. அடாப்டர்கள் மாமா வீட்டுப் பரணில் சாகாவரம் பெற்றுக் கிடக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதுப் போன்களுக்கெல்லாம் டைப்-சி வாய்தான் என்று சட்டமே வந்துவிட்டது. அதில் சார்ஜரும் போனும் முதலில் பேசிக்கொள்ளும். போன் கேட்காமல் 5 வோல்ட்டுக்கு மேல் சார்ஜர் தராது. இனி மாமாவுக்கு வேலையில்லை என்று சந்தோஷப்பட்டேன். அவர் அந்த வயரையும் நறுக்கிவிட்டார். "ஏகப்பட்ட பொடி வயரு இருக்கு மாப்ள, சும்மா" என்று, பேசுகிற வயரை மடக்கி டேப் சுற்றினார்.

அடாப்டர் முதுகிலேயே எல்லாம் எழுதியிருக்கிறது. வோல்ட் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். நடுப்புள்ளி பிளஸ்ஸா மைனஸா என்று குட்டிப் படமும் உண்டு. பார்க்க வேண்டியது இவ்வளவுதான். மாமா அதைப் படிப்பதில்லை; கையில் தூக்கிப் பார்த்து, "நல்லா கனமா இருக்கு, தாங்கும்" என்பார்.

இதுவரை சிரித்தாயிற்று. 12 வோல்ட்டில் போவது ஒரு பெட்டிதான். ஆனால் மாமா சுவர்ப் பக்கமும் கை வைக்கிறார். பிளக் பொருந்தாவிட்டால் அதையும் நறுக்கிவிட்டு, வெறும் கம்பியை 230 வோல்ட் சாக்கெட்டுக்குள் விட்டுத் தீக்குச்சி செருகுகிறார். ஃபிரிட்ஜ் பிளக்கின் எர்த் பின்னை, "மூணாவது காலு சும்மா அழகுக்கு" என்று ஒடிக்கிறார். சாக்கெட் உயரத்துக்குக் கை எட்டுகிற குழந்தை வீட்டில் இருக்கிறது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை மாமா. பிளக் நான் வாங்கித் தருகிறேன். டீயும் உண்டு. தீக்குச்சியைக் கீழே போடுங்கள்.