தீர்க்காலோசனைக்காரர்

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் சேருவதா, ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் சேருவதா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு காலம் சந்தோஷமாக ஜீவிக்க முடியும் என்பதை, எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கும் நண்பரைத் தரிசிக்காதவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. பிற விஷயங்களில் அவர் தயங்குகிறவரே அல்லர். இப்போதிருக்கும் வீட்டை ஒரு மாலையில் பார்த்து, மறுநாள் காலையில் முன்பணம் கொடுத்தார். பெண் பார்க்கப் போன முதல் வீட்டிலேயே சம்மதம் சொல்லி, உடன் சென்ற பெரியவர்களைத் திகைக்க வைத்தார் என்று அவர் மனைவியே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயினும், இல்லாத தேசமொன்றில் இல்லாத கோடரியொன்றைத் தூக்கிக்கொண்டு இல்லாத பன்றியொன்றைத் துரத்தப்போவது எந்தக் கம்பெனியின் சர்வரில் என்று வரும்போது மட்டும், அவசரம் கூடாது என்கிறார்.

வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரம் வகுத்து, பத்துக் குறள்களோடு நிறுத்திக்கொண்டார். நண்பருக்கு அது போதவில்லை. நடுவே கோடு கிழித்த கணக்கு நோட்டு ஒன்று வைத்திருக்கிறார்; கோட்டுக்கு இடப்புறம் வார்கிராஃப்டின் ஆஸரோத் உலகம், வலப்புறம் ஃபைனல் ஃபேன்டஸியின் எயோர்ஸியா உலகம். 2004 நவம்பரில் பிறந்து, 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர் என்னும் சிகரத்தைத் தொட்ட மூத்த ஆட்டத்தின் வைபவங்களெல்லாம் இடப்புறத்தில் நீல மையில் விளங்க, அவற்றின் கீழே ‘ரொம்பப் பழசு’ என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

வலப்புறத்துச் சரித்திரம் விசித்திரமானது. 2010-இல் வெளிவந்த அந்த ஆட்டம் ஆட வந்தவர்களுக்குப் பிடிக்காமற் போகவே, கம்பெனி அதனை நவோகி யோஷிடா என்பவரிடம் ஒப்படைத்தது. அவரோ, பழையதை ஒரு பக்கம் பழுதுபார்த்தபடி மறுபக்கம் புதியதொன்றைக் கட்டுவித்து, 2012 நவம்பரில் ஆகாயத்துச் சந்திரன் ஒன்றைக் கீழே இறக்கி, அதற்குள்ளிருந்து ஒரு மகாசர்ப்பத்தை வெளிப்படுத்தி, அந்த உலகத்துக்குக் கதைப்படியே பிரளயம் நடத்திவிட்டு, 2013 ஆகஸ்டில் அதனை மறுசிருஷ்டி செய்தார். ஊற்றிக்கொண்ட நாடகத்துக்குக் கடைசிக் காட்சியில் கொட்டகையையே எரித்துக் கைதட்டல் வாங்கிய கம்பெனி வேறெதையும் நான் கேள்விப்பட்டதில்லை. நண்பரின் நோட்டிலோ இவ்வளவுதான் இருக்கிறது: ‘ஒரு தடவை அழித்தவர்கள், மறுதடவையும் அழிக்கலாம்.’

2021 டிசம்பரில் அதே ஆட்டத்தின் புதிய பாகம் வெளியாகி, கூட்டம் தாங்காமல், ஆட்டத்தை விற்பதையே சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். கையில் காசோடு நின்றவர்களெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த அந்நாட்களில், சேராமலிருந்துவிட்ட தம் தீர்க்கதரிசனத்தை எண்ணி நண்பர் அடைந்த பூரிப்பு, ஆடி ஜெயித்தவர் முகத்திலும் நான் காணாதது.

இதைச் சோம்பல் என்றோ கஞ்சத்தனம் என்றோ சொல்பவர்கள் அவருடைய உழைப்பை அறியாதவர்கள். இரண்டு கம்பெனிகளுமே இந்தியாவில் சர்வர் வைக்கவில்லையாதலால், சென்னையிலிருந்து சொடுக்கும் சொடுக்கு சமுத்திரம் தாண்டிப் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்டுகளை இரவு நேரங்களில் அளந்து தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறார். ஓர் அடி அடித்து மறு அடி அடிப்பதற்குள் வார்கிராஃப்டில் பொதுவாக ஒன்றரை செகண்டும் மற்றதில் இரண்டரை செகண்டும் செல்லும் என்று அறிந்த நாளில், கடிகாரத்தைப் பார்த்தபடி மேஜையை இரு விதமாகவும் தட்டிப் பார்த்தார். ஒன்றரை செகண்டு படபடப்பு, இரண்டரை செகண்டு கொட்டாவி என்பது அவர் தீர்ப்பு. வார்கிராஃப்டில் 20-ஆம் லெவல் வரையிலும், ஃபைனல் ஃபேன்டஸியில் 70-ஆம் லெவல் வரையிலும் இலவசமாகவே ஆடிப் பார்க்கலாமே என்றேன். “ஃபைனல் ஃபேன்டஸியில சந்தா கட்டிட்டா அப்புறம் இலவசத்துக்குத் திரும்ப முடியாது, ஸார்” என்றார். சந்தா கட்டும் உத்தேசமே இல்லாத ஒருவர், அதைக் கட்டிவிட்ட பின் நேரக்கூடிய நஷ்டத்துக்காக இவ்வளவு விசனப்பட்டதை அன்றுதான் கண்டேன்.

இவ்விரண்டு உலகங்களுக்கும் தத்துவத்திலேயே ஒரு பேதம் உண்டு. வார்கிராஃப்டில் 13 வகுப்புகள். மந்திரவாதியாகப் பிறந்த பாத்திரம் இறுதிவரை மந்திரவாதிதான், பூசாரியாக ஆசைப்பட்டால் வேறொரு பாத்திரமாக ஜனனம் எடுத்து முதல் லெவலிலிருந்து வரவேண்டும். ஃபைனல் ஃபேன்டஸியிலோ ஒரே சரீரம், கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினால் தொழில் மாறிவிடும். காலையில் வாள்வீரன், மத்தியானம் வைத்தியன், சாயங்காலம் தூண்டில் போடுகிறவன். தயக்கமுள்ள மனிதருக்கென்றே செய்து வைத்த ஏற்பாடல்லவா என்று நான் மகிழ்ந்து சொன்னபோது, நண்பர் முகம் சுண்டிவிட்டது.

“அதுதான் ஸார் அதுல குறை. எல்லாமே ஆகலாம்னா, யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?”

“அப்படியானால் வார்கிராஃப்ட்?”

“ஒண்ணை எடுத்தா அதோட சரி. எப்படித் துணியறது?”

அவர் அனுபவித்து வரும் ஆட்டம் எதுவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குச் சந்தாவும் இல்லை, சர்வரும் வேண்டாம்.

அவருடைய அக்கா மகன் ஒருவன், கல்லூரியில் படிக்கிறவன், “எதுல சேரலாம் மாமா?” என்று வந்து கேட்டான். நண்பர் நோட்டைப் பிரித்து முதற் பக்கத்திலிருந்து வியாக்கியானம் தொடங்கினார். பையன் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே மடிக்கணினியில் ஃபைனல் ஃபேன்டஸியை இறக்க விட்டுவிட்டான். இப்போது அங்கே மீன் பிடித்து விற்று வசதியாக இருக்கிறான் என்று கேள்வி.

அந்தப் பையன்தான் போன ஞாயிற்றுக்கிழமை மாமாவை வற்புறுத்தித் திரைக்கு முன் உட்கார்த்தினான். நானும் கூட இருந்தேன். ஆச்சரியமாக, குலம், மூக்கு, மோவாய், குரல் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. பிறகு பிறந்த நாளும், பன்னிரண்டு தெய்வங்களுள் காவல் தெய்வம் ஒன்றும் தேர்ந்தெடுக்கச் சொல்லித் திரை நின்றது. “எதையாவது போடுங்க மாமா, இதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல” என்றான் பையன். பயனில்லாத தேர்வு என்று கேட்டதும் நண்பர் நாற்காலியில் நிமிர்ந்தார். அந்த உலகத்தில் மாதத்துக்கு 32 நாள். நம் ஆனிக்கும் சில வருஷங்களில் 32 தேதி வருமே என்று எழுந்து போய்ச் சுவரிலிருந்த தினசரி நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளேயிருந்து, “சாப்பாடு ஆறுது” என்று அவர் மனைவி குரல் கொடுத்தார். “ஜாதகம் பார்க்கறாங்க, மாமி” என்றான் பையன்.

கடைசியில் தெய்வமும் அமைந்தது. பையன் ஆடுகிற சர்வரிலேயே மாமாவையும் சேர்க்கப்போனால், அங்கே நெரிசல் அதிகம், புதிய பாத்திரங்களுக்கு இப்போது இடமில்லை என்று வந்தது. நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சர்வார்த்த சித்தி அடைந்தவரின் தேஜஸ் இருந்தது.

“முகத்தை மட்டும் சேமிச்சு வெச்சுடறேன் மாமா. அப்படியே வேற சர்வர்ல சேர்ந்துடலாம்” என்றான் பையன், விடாமல்.

“மொத்தம் எத்தனை சர்வர் இருக்குடா?” என்று கேட்டபடி, நண்பர் நோட்டில் புதிய பக்கம் ஒன்றைப் புரட்டினார்.