கனடாக் குளிசை

ரொறன்ரோவிலிருந்து வந்த மகன் சண்டிலிப்பாய் மாமிக்கு ஒரு போத்தல் நீட்டினான்: நாட்டோகைனேஸ், இரத்தம் நன்றாக ஓடுமாம். ஜப்பான்காரரின் புளித்த சோயா, நூல் நூலாய் இழுபடும் நாட்டோ, அதில் எடுத்த நொதியம். அது இரத்தக்கட்டியின் நாரைக் கரைக்கும் என்று ஹிரோயுகி சுமி 1987இல் எழுதினார். ஆய்வுகூடத் தட்டில் கரைந்தது சரி. விழுங்கினால் வயிற்றைத் தாண்டுவது எவ்வளவு என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

"நூல் விட்ட தோசைமாவை நான் வாழையடியிலை ஊத்திறன், அவங்கள் போத்தலிலை அடைச்சு விக்கிறாங்களோ?" என்றார் மாமி.

மாமி ஏற்கெனவே இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குடிப்பவர். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் ஓடும்தான், நிறுத்துவதுதான் கஷ்டம். டொக்டர் தலையாட்டவில்லை. குளிசைகள் குப்பைக்குப் போயின. போத்தலில் இப்போது வெந்தயம். மூடி நல்ல இறுக்கம்.