ரசீது கேட்காத பெற்றோருக்கு மட்டும்

குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு அதன் மேற்படிப்புக்குச் சேமிக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று முதலீட்டு ஆலோசகர்கள் ஞாயிறு இணைப்புகளில் எழுதுகிறார்கள். மாதம் ஐயாயிரம் எஸ்.ஐ.பி., பெண் குழந்தை என்றால் செல்வமகள் சேமிப்பு, கல்விச் செலவு ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டு ஒரு அட்டவணை. அழகான கணக்குதான். ஒரே ஒரு குறை. பணவீக்கத்தைச் சேர்க்கிறார்கள், தாளாளரைச் சேர்ப்பதில்லை. நீங்கள் பதினெட்டு வருடம் திட்டம் போடும்போது அவர் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைப்பு. அவரும்தான் போடுகிறார். உங்கள் பெண்ணின் பிளஸ் டூ மார்க் உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே உங்கள் செல்பேசி எண் அவருடைய அலுவலகத்துக்குப் போய்விடுகிறது.

மே மாதம் ஒரு தனியார் கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அந்தத் திட்டம் எவ்வளவு கச்சிதமானது என்று விளங்கிவிடும். வாசலில் நிறுவனரின் மார்பளவுச் சிலை, சந்தன மாலையோடு. மனிதர் மாடியறையில் உயிரோடுதான் இருக்கிறார். உள்ளே ஏ.சி. குளிரில் வரிசையாக அப்பாக்கள். மடியில் பை. பையின் வாயைச் சுருட்டிப் பிடித்திருக்கும் விதத்திலேயே உள்ளே இருப்பது டிபன் பாக்ஸ் இல்லை என்று தெரியும். கோட்டுப் போட்ட ஒரு பெண் பளபளப்பான மடிப்பேட்டை நீட்டுகிறார்.

“சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபுல் ஆயிடுச்சு. ஏ.ஐ. டேட்டா சயின்ஸ்ல ரெண்டே ரெண்டு சீட். இன்னிக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டீங்கன்னா பிளாக் பண்ணிடலாம்.”

“மொத்தமா எவ்வளவும்மா ஆகும்?”

“ஃபீஸ் அதுலயே இருக்கு சார். மத்ததை உள்ள ஏ.ஓ. சார்கிட்ட பேசிக்கோங்க. போனை மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க.”

அந்த மற்றதுக்கு ரசீது கிடையாது. அது அறக்கட்டளையின் கட்டட நிதிக்கு நீங்கள் மனமுவந்து அளிப்பது. உங்கள் மனம் எத்தனை லட்சம் உவக்க வேண்டும் என்பதை ஏ.ஓ., அதாவது நிர்வாக அதிகாரி, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டிவிட்டு, தாளைக் கிழித்துப் போடுவார். வீட்டுப் பத்திரத்தை வைத்தோ, சம்சாரத்தின் தாலிக்கொடியை வைத்தோ புரட்டிய பணம் எண்ணும் மெஷினில் படபடவென்று ஓடி முடிகிறது. அப்போது பணம் கொடுத்தவர்தான் எழுந்து நின்று கும்பிடுகிறார். வாங்கியவர் தலையை மட்டும் அசைக்கிறார். திருடனிடம் பர்ஸைப் பறிகொடுத்தவன்கூட அவனைக் கும்பிட்டதாகக் கதை இல்லை.

இதெல்லாம் சட்டவிரோதம் ஆயிற்றே என்று பயப்படாதீர்கள். சட்டவிரோதமேதான். கேபிடேஷன் கட்டணத்தைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லேயே வந்துவிட்டது. அதே ஆண்டில் மோகினி ஜெயின் வழக்கு. கர்நாடகத்தின் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், வெளிமாநில மாணவர்களுக்கு 60,000 ரூபாய். இதைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் கொதித்தது. வெறும் 60,000-க்கு! அந்த நீதிபதிகள் முன்னால் இன்றைய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் எம்.பி.பி.எஸ். கட்டண அட்டவணையை வைத்திருந்தால், தீர்ப்பு எழுதியிருக்க மாட்டார்கள், தண்ணீர் கேட்டிருப்பார்கள். பிறகு 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினோரு நீதிபதிகள் கூடி உட்கார்ந்து, லாபம் கூடாது, ஆனால் நியாயமான உபரி இருக்கலாம் என்றார்கள். உபரி எங்கே முடிந்து லாபம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கும் பொறுப்பு நடைமுறையில் தாளாளரின் ஆடிட்டரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தது: கட்டணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது, கேபிடேஷன் கேட்டால் புகார் செய்ய ஓர் இணையதளம் வேண்டும். நல்ல யோசனைதான். புகார் கொடுக்க வேண்டியவர் யார்? நான்கு வருடத்துக்குத் தன் பிள்ளையின் இன்டர்னல் மார்க், ஹால் டிக்கெட், ஒரிஜினல் சர்டிஃபிகேட் அத்தனையையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கும் அப்பா. ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே உத்தரவு போட்டதே என்கிறீர்களா? போட்டது. அந்த உத்தரவின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு ஏ.ஓ. சாரைப் பார்க்கப் போங்கள். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

இந்த விவகாரத்தில் என்னை உண்மையிலேயே சிரிக்க வைப்பது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அது கல்வியைத் தர்ம காரியமாக எழுதி வைத்தது. ஏழைகளுக்கு உதவுவது, மருத்துவ உதவி, கல்வி எல்லாம் ஒரே பட்டியலில். ஆக, மெஷினில் எண்ணப்பட்ட அந்தக் கட்டுகள் தர்மக் கணக்கில்தான் இத்தனை காலம் வரி கட்டாமல் படுத்துக்கிடந்தன. நன்கொடை என்ற பெயரில் வாங்கும் கேபிடேஷனுக்கு வரிவிலக்கு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்ல வேண்டி வந்தது. வரித்துறை அவ்வப்போது சோதனைக்குப் போகிறது, டி.வி.யில் கட்டுக்கட்டாகப் பணம் காட்டுகிறார்கள், மறுவருடமும் அதே அலுவலகத்தில் அதே ஏ.ஓ. ஆனால், கேபிடேஷன் தடைச் சட்டத்தில் ஒரு தாளாளர் தண்டனை வாங்கிக் கம்பி எண்ணினார் என்று நீங்கள் எப்போதாவது கேள்விப்பட்டதுண்டா? கட்சிக் கூட்ட மேடையில் முன்வரிசையில் இருந்தார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலரை வேட்பாளர் பட்டியலில் பார்த்திருப்பீர்கள். ஓட்டும் போட்டிருப்பீர்கள்.

சரி, நமக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவே வேண்டாம், கவுன்சலிங்கில் வருவோம் என்கிற மானஸ்தர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000, தரச் சான்று பெற்ற படிப்புக்கு 55,000 என்று 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தது. அந்தக் காகிதத்தை நம்பி உள்ளே போனால், பஸ் ஃபீஸ். நாங்கள் பஸ்ஸில் வரவில்லையே, வீடு பக்கத்தில்தான் என்றால், பஸ் உங்களுக்காகத்தானே ஓடுகிறது என்பார்கள். அப்புறம் பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங் ஃபீஸ், ஸ்கில் டெவலப்மென்ட் ஃபீஸ், லேப்டாப், கோட்டு, ஷூ. முதல் ஆண்டு மாணவனிடம் எதற்கு வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம்? நான்காம் ஆண்டு வரை அவன் தாக்குப் பிடிக்காமல் போய்விட்டால் யாரிடம் வாங்குவது!

இவ்வளவு வாங்கிக்கொண்டு பாடம் நடத்துகிறார்களா என்று கேட்பது அநாகரிகம். ஆனாலும் 2024-இல் ஊழலுக்கு எதிரான அமைப்பான அறப்போர் இயக்கம் கேட்டுவிட்டது. ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாக ஆவணங்களில் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகம் தோண்டிப் பார்த்தபோது, சுமார் 2,000 பணியிடங்களில் வெறும் 189 பேர். அதில் ஒருவர் 32 கல்லூரிகளில் ஒரே நேரத்தில். பிருந்தாவனத்தில் கண்ணன் ஒவ்வொரு கோபியரோடும் தனித்தனியாக ஆடியதைப் புராணம் என்று சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் அது நிர்வாகம். ஆய்வுக்குப் போன குழுக்கள் வருடா வருடம் முந்திரி பக்கோடா சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தனவே, அவற்றின் கண்ணில் அந்த மனிதர் ஒரு தடவைகூடவா இரண்டாகத் தெரியவில்லை?

மருத்துவப் படிப்புக்கு வேறு கதை சொன்னார்கள். நீட் வந்தால் கேபிடேஷன் ஒழியும், தகுதி ஒன்றே பேசும் என்றார்கள். ஒழியத்தான் செய்தது, கறுப்பாக இருந்த தொகை வெள்ளையாகி, கட்டண அட்டவணையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது, ரசீதோடு. தகுதி? 2022-இல் பொதுப் பிரிவினர் நீட்டில் தேற 720-க்கு 117 போதுமாயிருந்தது. 117 எடுத்துக் கோடியைக் கட்ட முடிந்தவன் தகுதியுள்ளவன். 450 எடுத்தும் கட்ட முடியாத நெசவாளியின் மகள், அடுத்த வருடமும் எழுதிப் பாரம்மா. மேல்படிப்புக்கான நீட்டில் 2023-இல் காலியிடம் நிரம்பவில்லை என்று தகுதி பெர்சன்டைலைப் பூஜ்யத்துக்கே இறக்கினார்கள். பூஜ்யம். அதற்குக் கீழே இறக்க ஒன்றும் மிச்சமில்லாததால் அங்கே நின்றார்கள்.

மாநில அரசும் தன் பங்குக்கு ஒரு நாடகம் போட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 2020. மனதாரப் பாராட்ட வேண்டிய சட்டம். நவம்பரில் கலந்தாய்வு. கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் தனியார் கல்லூரி இடத்தைக் கையில் வாங்கி, கட்டணத்தைப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இடத்தை ஒதுக்கியவர்களுக்கு, அந்த இடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை. ஊரே சிரித்த பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இன்று புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்த ஆயிரம் பல பெண்களைக் கல்யாணப் பேச்சிலிருந்து காப்பாற்றியிருக்கிறது, நான் பழிக்க மாட்டேன். ஆனால் அவர்கள் போய்ச் சேரும் அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் எங்கே? 25,000 ரூபாய்க்குக் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவத்துக்கு வருடத்தில் பதினோரு மாதம்தான் சம்பளம்.

மிச்சமிருப்பது கல்விக்கடன். 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கத் தேவையில்லை, அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது என்பது டெல்லியில் இருக்கும் விதி. உங்கள் ஊர்க் கிளையில் இருக்கும் விதி, “எல்.ஐ.சி. பாலிசி ஏதாவது இருக்காங்க? அப்பாவுக்கு என்ன சம்பளம்? கேஷ்ல வாங்குறாரா? ஒரு எஃப்.டி. போட்டுட்டு வாங்க, பார்க்கலாம்” என்பது. உங்கள் வீடு எங்கள் சேவைப் பகுதியில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பாதே என்று ரிசர்வ் வங்கி 2012-இல் எழுதியது. மேனேஜர் இன்றும் சர்வீஸ் ஏரியா என்றுதான் ஆரம்பிக்கிறார். அப்படியே கிடைத்தாலும், படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும், வேலை தொடங்கியதா என்று அது பார்க்காது. பெரிய முதலாளிகள் கட்டாத கடனைக் கௌரவமாகக் கணக்கிலிருந்து தள்ளிவைக்கும் வங்கிகள், மாணவர்களின் வராக்கடனைத் தனியார் சொத்து மீட்பு நிறுவனங்களுக்கு விற்றன. கடன் கட்டாத பிள்ளைகளின் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்த கிளையும் இந்தத் தமிழ்நாட்டில் இருந்தது. தப்பியோடிய வைர வியாபாரி எவருடைய படமும் அந்த ஃப்ளெக்ஸில் இல்லை.

பெற்றோர் பாவப்பட்டவர்கள் என்று முழுதாகச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையை நாமக்கல் பக்கம் ஒரு பிராய்லர் பள்ளி விடுதியில் அடைத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம் தள்ளிவிட்டுப் பன்னிரண்டை இரண்டு வருடம் உருப்போட வைத்ததற்குக் காசு கொடுத்தவர்களும் இவர்கள்தான். எவ்வளவு டொனேஷன் கொடுத்தோம் என்பதைக் கல்யாண வீட்டில் கொஞ்சம் கூட்டியே சொல்கிறவர்களும் இவர்கள்தான். ஏமாற்றியவனைப் பற்றிப் புகார் கொடுக்கக் கூச்சம், ஏமாந்த தொகையில் பெருமை.

நான்கு வருடம் முடிகிறது. பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங் ஃபீஸ் கட்டிய பையனுக்குக் கேம்பஸில் ஒன்றும் அமையவில்லை. இரண்டு வருடம் எம்.இ. படித்துவிட்டு, அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்கிறான். சம்பளம் பதினைந்தாயிரம், ஒரிஜினல் சர்டிஃபிகேட் மறுபடியும் அதே பீரோவில். கல்விக்கடன் தவணை போக மிஞ்சுவது பெட்ரோலுக்குச் சரியாக இருக்கும், அந்தப் பெட்ரோலும் கல்லூரிக்காகத்தான். ஏப்ரல் வந்ததும் எச்.ஓ.டி. மீட்டிங் போட்டு, தலைக்குப் பத்து அட்மிஷன் டார்கெட் என்று சொல்லி, பிளஸ் டூ பிள்ளைகளின் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த தாள்களைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார். டார்கெட் முடித்தவர்களுக்கு மட்டும்தான் மே மாதச் சம்பளம். பையன் பைக்கை எடுத்துக்கொண்டு தன் சொந்த ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறான். அங்கேதான் அவனை நம்புவார்கள்.