வட்டக்களரி

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போக அப்போது மண்முனைத் துறையில் பாதைப் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும். மாரி வேளாண்மை வெட்டிச் சூடடித்து நெல் வீடு சேர்ந்த பிறகு, வாவிக்கு அப்பால் மத்தளம் கேட்கத் தொடங்கும். எந்த ஊரில் கூத்துப் பழகுகிறார்கள், கூத்தின் இரு பாணிகளில் அது வடமோடியா தென்மோடியா என்பதையெல்லாம் துறையில் நிற்கும் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள்.

சட்டம் கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, கடைசியில்தான் அரங்கேற்றம். அதற்குள் மாதக்கணக்காகிவிடும். ஊர் முழுவதும் பாட்டு மனப்பாடம். மண்ணை உயர்த்திக் கட்டிய வட்டக்களரியின் நடுவே கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், பக்கத்தில் சல்லாரிக்காரர். நாங்கள் சுற்றிவரப் பாய் விரித்து இருப்போம். நள்ளிரவு தாண்டி எனக்குக் கண் சொருகும்போது பக்கத்துப் பாய் ஆச்சி உலுக்குவார்: “படுத்திராத மனே, இனித்தான் எங்கட மூத்தவண்ட வரவு.” திரைச்சீலை விலகி அந்த மூத்தவர் கரப்புடுப்போடு சுழன்று வருவார். பகலில் வயலில் வரம்பு கட்டியவர் அவர். இப்போது அருச்சுனன். அவர் ஓர் அடியை விட்டுவிட்டால் ஆச்சியின் வாய் அதை எடுத்துக்கொடுக்கும். கூத்தின் ருசி அங்கேதான் இருந்தது என்று நான் நம்புகிறேன். ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையில் வேலி கிடையாது.

இந்தக் கூத்து களரியை விட்டு மேடைக்கும் போனது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று விடியவிடிய ஆடும் கூத்து வடிவத்தைச் சுருக்கி மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு. அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஊர்க்கலை ஒன்று இப்படி மேடைக்கு வந்தது. 1928இல் சில இசைத்தட்டுகளுக்குப் பாடிவிட்டு விவசாய வேலையோடு இருந்துவிட்டவர் புளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். அவர் பாட்டில் வந்த அவலோன் என்ற ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு 1963இல் ஒருவர் தேடிப் போனார். அந்த ஆண்டே நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் ஹர்ட் பாடினார். புளூஸ் விழாக்களுக்கு இன்றும் சனம் திரள்வதற்குக் காரணம் வெளிச்சமும் ஒலிபெருக்கியும் இல்லை. வீட்டுத் திண்ணையில் பாடிய குரல் அப்படியே வந்து நிற்கிறது, அதுதான்.

பிறகு எங்கள் ஊர்களில் போர் வந்தது. ஊரடங்குக்குள் இரவுக் கூத்து எங்கே? கூத்து மட்டுமல்ல, கடற்கரையோர டச்பார்ப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினும் றபானும் சேர்ந்தொலிக்கக் கஃப்ரிஞ்ஞா ஆடியதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2004 கடல்கோள் அந்தக் கரையையும் வாரிக்கொண்டு போனது. போர் ஓய்ந்த பிறகு, மண்முனையில் 2014இல் பாலம் திறந்தார்கள். படுவான்கரைக்கு இப்போது மோட்டார் சைக்கிளில் சில நிமிடம்.

கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று மாணவர்கள் கூத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். விழா மேடையில் பெண் பிள்ளைகள் தாளக்கட்டுப் பிசகாமல் ஆடுகிறார்கள். அன்று திரௌபதியும் ஆண்தான், களரியில் பெண்ணுக்கு இடமே இல்லை. அந்த ஒன்றுக்காகவே இந்த மேடையை நான் கும்பிடுவேன். ஆனால் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒரு வரவு சூடேறுவதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்கு அறிவிப்பு வந்துவிடுகிறது. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக் கதிரையில் இருக்கிறோம். எதிரே இருப்பவரின் முகம் தெரிவதில்லை, கூடப் பாட வாய் வருவதில்லை.

விழா எடுப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. மேடையை விட்டு இறங்குங்கள். மைதானத்தில் மண் கொட்டி ஒரு வட்டக்களரி கட்டுங்கள். படுவான்கரையின் கன்னன்குடாப் பக்கத்து அண்ணாவிமாரை முழு ஆட்டக்காரரோடும் அழைத்து, ஓர் இரவையாவது விடியும்வரை அவர்கள் கையில் விடுங்கள். இந்தப் பிள்ளைகள் அந்தக் களரியில் ஆடட்டும். பாட்டுத் தெரிந்த சனம் இன்னும் இருக்கிறது, பாயோடு வருவார்கள்.