கல்யாணம் வடக்கே, கரண்ட் தெற்கே

உலகத்தின் முதல் லோடு டெஸ்பாட்ச் கயிலாயத்தில் நடந்தது. சிவபெருமானுக்குக் கல்யாணம். மூவுலகமும் பந்திக்குக் கிளம்பி வடக்கே குவிந்துவிட, பூமி அந்தப் பக்கம் தாழ்ந்து தெற்கு மேலே தூக்கிக்கொண்டது. வடக்கு மண்டலத்தில் ஓவர்லோடு. சிவன் சுற்றுமுற்றும் பார்த்தார். இந்திரனை அனுப்பினால் கோபித்துக்கொள்வான். பிரம்மாவை அனுப்பினால் மந்திரம் சொல்ல ஆளில்லை. கடைசியில் கண்ணில் பட்டவர் அகத்தியர். ஆள் குள்ளம், கனம் ஜாஸ்தி. "ஓய், நீர் தெற்கே போய்ப் பொதிகையில் உட்காரும்" என்று உத்தரவானது. போனார், உட்கார்ந்தார், பூமி நேரானது. கல்யாணச் சாப்பாடு போச்சு. கல்யாணக் கோலத்தைப் பாபநாசத்திலேயே காட்டுகிறேன் என்று சிவன் சமாதானம் சொன்னார். பாபநாசம் கோயிலில் இன்றும் அதைப் பார்க்கலாம். லைவ் கிடையாது, ரெக்கார்டிங்.

அன்றைக்குப் பிடித்தது இந்த மலைக்குச் சனி. எங்கோ கல்யாணம் நடக்கும், எவரோ சாப்பிடுவார்கள், சாயாமல் பிடித்துக்கொள்கிற வேலை மட்டும் பொதிகைக்கு வரும். இப்போது 'எல்லாரும் மின்சார வண்டிக்கு மாறியே ஆகணும்னு உத்தரவு போட்டா கிரிட் தாங்குமா' என்று டி.வி.யில் நாலு பேர் கோட் போட்டுக்கொண்டு கத்துகிறார்கள். அகத்தியரைக் கூப்பிட்டிருக்கலாம். அனுபவஸ்தர்.

மின்சார வண்டி ஏதோ போன வாரம் கண்டுபிடித்த சாமான் என்று நினைக்க வேண்டாம். 1895 மே 7-ஆம் தேதியே சென்னைப் பட்டணத்தில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவிலேயே முதல். பேசின் பிரிட்ஜில் மின் நிலையம் வர அப்போது இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தது. வீட்டுக்காரனுக்குச் சிம்னி விளக்கு, வண்டிக்கு கரண்ட். கிரிட் தாங்குமா என்ற கேள்வியே எழவில்லை, கிரிட்டே கிடையாதே! டிராம் கம்பெனி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொண்டது. அதுவரை சரி. கம்பியை மட்டும் தரைக்குள் வாய்க்கால் வெட்டிப் புதைத்தார்கள். சென்னையில். தரைக்குள். வெள்ளைக்கார இன்ஜினியருக்கு ஐப்பசி மாதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மழைத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது, கம்பி கம்பத்தில் ஏறியது. 1953-ல் டிராம் ஒரேயடியாக நின்றது.

எங்கள் பக்கத்து வெள்ளைக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஹார்வி சகோதரர்கள் 1880-களில், தாமிரபரணி மலையிலிருந்து விழுகிற இடமாகப் பார்த்து, விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வைத்தார்கள். ஆறு விழுகிற வேகத்தில் மிஷின் ஓடியது. அகத்தியர் கமண்டலத்திலிருந்து கவிழ்த்துவிட்ட ஆறு, ராயல்டி கேட்க அவரும் வரவில்லை.

அப்போது மேலே மாஞ்சோலை வெறுங்காடு, சிங்கம்பட்டி ஜமீன் சொத்து. 1919-ல் சென்னை நியூயிங்டன் பள்ளியில் டி லா ஹே என்ற வெள்ளைக்கார வாத்தியார் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே படித்த ஜமீன் வாரிசுகள் பேர் அடிபட்டு, வழக்கு பம்பாய் வரை போனது. வக்கீல் ஃபீஸ் கொடுத்துக் கொடுத்தே மலை போச்சு என்பது இங்கே ஊர்ப்பேச்சு. எப்படிப் போனதோ, 1929-ல் 8,374 ஏக்கர் 99 வருஷக் குத்தகையாகப் பம்பாய் பர்மா டிரேடிங் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி பேரில் பம்பாய் இருக்கிறது, பர்மா இருக்கிறது, திருநெல்வேலிதான் இல்லை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை ஏறிக்கொண்டே போனது.

சரி, வண்டிக்கு வருவோம். 'இந்த எண்ணெய் கிடையாது, வேறு எதிலாவது ஓட்டிக்கோ' என்கிற உத்தரவு இந்தச் சீமைக்கு முதல்முதலாக வந்தது இரண்டாம் உலகப் போரில். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போக, பஸ்ஸுக்குக் கிடைத்தது அடுப்புக்கரி. பஸ்ஸின் பின்பக்கம் பாய்லர் மாதிரி ஒரு சாமான். அதில் கரியைப் போட்டு மூட்டி, வருகிற வாயுவை இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டும். காலை ஆறு மணி பஸ் என்றால் கிளீனர் நாலரைக்கே எழுந்து காற்றாடியைச் சுற்ற ஆரம்பிப்பான். அவன் முகம் ஆறு மணிக்குக் கறுக்கும், கரி ஆறரைக்குத்தான் பிடிக்கும். ஏற்றம் வந்தால் ஆம்பளைகள் இறங்கித் தள்ள வேண்டும், பொம்பளைகள் இறங்கி நடக்க வேண்டும். டிரைவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். டிக்கெட் காசு எல்லாருக்கும் ஒன்றுதான்.

இந்தக் கரி வாயு சாமானை டி.வி.எஸ். பேரிலேயே தயாரித்து விற்றவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். மதுரைக்காரர் என்று மதுரைக்காரர்கள் சாதிப்பார்கள். பிறந்தது எங்கள் திருக்குறுங்குடி, இதே மலையின் அடிவாரம். அதே டி.வி.எஸ். இப்போது ஓசூரிலிருந்து மின்சார ஸ்கூட்டர் விற்கிறது. எந்த உத்தரவு வந்தாலும் அதற்கு ஒரு சாமான் கடையில் இருக்க வேண்டும் என்கிற வியாபாரப் புத்தி குறுங்குடி நம்பிப் பெருமாள் கொடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், கீழே பஸ் கரி தின்றுகொண்டிருந்த அதே வருஷங்களில்தான் மேலே பாபநாசம் நீர்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1938-ல் தொடங்கி 1944-ல் ஓட ஆரம்பித்தது. பைக்காராவும் மேட்டூரும் அண்ணன்மார், இது தம்பி. காரையாறு அணையிலிருந்து தண்ணீர் இறங்கி, கரண்ட் கம்பியில் ஏறி, மில்லுக்கும் பம்புசெட்டுக்கும் போனது. பஸ்ஸுக்கு மட்டும் போகவில்லை. சண்டை முடிந்ததும் பெட்ரோல் திரும்பி வந்தது, கரி டப்பாவைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு எல்லாரும் சந்தோஷமாகப் புகை விட்டார்கள்.

1970 வாக்கில் மலையின் அந்தப் பக்கம் கோதையாறு நீர்மின் திட்டம் வந்தது. மேல் கோதையாறு அணைக்கு ரோடு மாஞ்சோலை வழியாகத்தான். அதன் இரண்டு மின் நிலையமும் சேர்ந்து 100 மெகாவாட். மாஞ்சோலையைத் தாண்டிப் போன சிமெண்டும் இரும்பும் கரண்டாக மாறி, கன்னியாகுமரிப் பக்கம் இறங்கிவிட்டது. பொதிகை கீழே சாய்த்தது எதுவும் மேலே திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

நடுவில் கோயம்புத்தூரில் ஒரு கூத்து. 1972-ல் பம்புசெட் கரண்டுக்கு விலை ஏற்றியதை எதிர்த்து, நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நகரத்தின் ரோட்டையெல்லாம் அடைத்தார்கள். கரண்டே வேண்டாத வண்டி கரண்டுக்காகப் போராடியது உலகத்தில் அந்த ஒரு தடவைதான் இருக்கும். ஜெயித்தும் விட்டார்கள். பின்னாளில் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசமே ஆனது. மின்வாரியக் கணக்குப்பிள்ளை அன்றைக்குப் பிடித்த தலையை இன்னும் விடவில்லை.

இனி 2012. இதை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். அனுபவித்தவர்களுக்கு இன்னும் வேர்க்கும்.

அந்த வருஷம் பிப்ரவரியில் அரசு ஒரு பட்டியல் போட்டது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு, மற்ற ஊர்களுக்கு நாலு மணி நேரம். நாலு என்பது பேச்சுக்கு. ஆடிக் காற்று அடிக்கிற வரை ஆரல்வாய்மொழி, கயத்தாறு காற்றாலைகள் மானத்தைக் காப்பாற்றின. காற்று நின்றதும், ஐப்பசி வாக்கில், திருநெல்வேலியில் கரண்ட் எப்போது போகும் என்று கேட்பதை நிறுத்திவிட்டு எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. ராத்திரி ஒரு மணி இருந்தால் ஒரு மணி இருக்காது. மாவாட்ட எழுந்தவர்கள் பாதி மாவோடு திண்ணையில் உட்கார்ந்து விடியும் வரை அரசியல் பேசினார்கள். இன்வெர்ட்டர் கடைக்காரர்கள் மட்டும் அந்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் முடித்தார்கள்.

"ஏம்வே, பாபநாசத்துல தண்ணி நம்மோடது, ஆரல்வாய்மொழியில காத்து நம்மோடது, கூடங்குளத்துல அணு நம்மோடது. வெளிச்சம் மட்டும் ஏன் மெட்ராஸோடது?" என்று டீக்கடையில் கேட்டால், அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொல்வார்: "கல்யாண வீடு அங்கல்லா இருக்கு."

நடுவே ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியாவின் கிரிட் ஒட்டுமொத்தமாகப் படுத்தது. அறுபது கோடிப் பேர் இருட்டில். தெற்கு தப்பியது. எங்கள் கிரிட் அப்போது வடக்கோடு இணைந்து ஓடவில்லை. அதே காரணத்தால் வடக்கே மிச்சமிருந்த கரண்டை நமக்குக் கொண்டுவரவும் வேண்டிய அளவு லைன் இல்லை. தப்பித்ததற்கும் தவித்ததற்கும் காரணம் ஒன்றே. 2013 டிசம்பர் 31-ல்தான் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைனைப் போட்டு இரண்டு கிரிட்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள்.

இந்த இருட்டுக்கு நட்ட நடுவில், 2013 ஜனவரியில், டெல்லியில் ஒரு தேசியத் திட்டம் வெளியானது. 2020-க்குள் அறுபது எழுபது லட்சம் மின்சார, ஹைபிரிட் வண்டிகள் ரோட்டில் ஓட வேண்டுமாம். ஃபேன் ஓட வழியில்லாத பாளையங்கோட்டையில் அன்றைக்கு அதைப் படித்தவர்கள், பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார்கள். திட்டத்தால் கிடைத்த முதல் பலன் அது.

அப்புறம் உத்தரவுகள் தீபாவளி வெடி மாதிரி வந்தன. 2017-ல், 2030-க்குள் விற்கிற கார் எல்லாம் மின்சாரமாக இருக்க வேண்டும் என்று மத்திய மந்திரிகள் பேசினார்கள், பிறகு அந்தப் பேச்சு நைசாகக் கரைந்தது. 2019-ல் நிதி ஆயோக், 2023-க்குள் ஆட்டோ, 2025-க்குள் 150 சி.சி.க்குக் கீழே உள்ள பைக் எல்லாம் மின்சாரம் என்று யோசனை சொன்னது. பஜாஜும் டி.வி.எஸ்ஸும் அலறின. அதுவும் புஸ்.

இது நம்மூர் வியாதி என்று நொந்துகொள்ள வேண்டாம். 2022 ஆகஸ்ட் கடைசியில் கலிஃபோர்னியா, 2035-லிருந்து புதிதாகப் பெட்ரோல் கார் விற்கவே கூடாது என்று சட்டம் போட்டது. ஒரு வாரம் ஆகவில்லை. வெயில் கொளுத்தியது. 'தயவுசெய்து சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை காரை சார்ஜில் போடாதீர்கள்' என்று அங்குள்ள கிரிட்காரர்கள் கும்பிட்டார்கள். அன்று மட்டும் கலிஃபோர்னியா, திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தாலுகாவாக இருந்தது.

அப்படியானால் கிரிட் தாங்குமா, தாங்காதா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், காசா பணமா. வீட்டில் ஸ்கூட்டர் சார்ஜர் 700 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சம் ஸ்கூட்டரை ஒரே நேரத்தில் மாட்டினாலும் 700 மெகாவாட். கூடங்குளத்தில் ஒரு உலைக்குக் கூடக் காணாது. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதில் இது நூற்றுக்கு மூன்றரை கூட வராது. எங்கள் பாபநாசம் 32 மெகாவாட்டே நாற்பத்தைந்தாயிரம் ஸ்கூட்டருக்குப் பால் கொடுக்கும்.

கிரிட் என்றால் உயரமான டவர் என்று கோட் போட்டவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு கிரிட் என்பது தெருமுனையில், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில், காக்கா கூடு கட்டிய டிரான்ஸ்ஃபார்மர். அது 100 கே.வி.ஏ. என்றால், வீட்டுச் சார்ஜரில் 7 கிலோவாட் இழுக்கிற கார் பதினாலு நின்றால் தீர்ந்தது. தெருவில் ஃபேன், ஏ.சி., கிரைண்டர், மாரியம்மன் கொடைக்கு சீரியல் செட் எதுவும் இருக்கக் கூடாது. பதினாலு பேரும் ஆபீஸ் விட்டு வந்து ஏழு மணிக்குத்தான் மாட்டுவார்கள், எல்லாரும் லைட் போடுகிற அதே ஏழு மணி. ஃபீஸ் போகும். லைன்மேன் வருவார். கம்பத்தில் ஏறுமுன் கீழே நின்று கேட்பார்: "எந்த வீட்டுல கலியாணம்?"

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மாட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆடி மாதத்தில் இன்னும் விசேஷம், காற்றாலை சுற்றுகிற சுற்றுக்கு வாங்க ஆளில்லாமல் நிறுத்தச் சொன்ன கதையெல்லாம் உண்டு. ஆனால் இத்தனை மணிக்குச் சாப்பிடு என்று நம் ஆளுக்குச் சொல்லிப் பார்த்தவர் யாராவது பிழைத்திருக்கிறாரா? என்னைக் கேட்டால் கரண்ட் போதும். போதாத அன்றைக்கு யார் வீட்டு ஃபீஸைப் பிடுங்குவது என்பதுதான் சங்கதி. 2012-ல் போட்ட பட்டியல் எந்த பீரோவிலோ பத்திரமாகத்தான் இருக்கும். மறுபடி எடுத்தால் ஊர்ப் பேரை மாற்றக்கூட வேண்டாம்.

சாயல் இப்போதே தெரிகிறது. 2025 ஜூன் 30-ல் மின்சாரப் பஸ் 120 சென்னை வியாசர்பாடியில் கிளம்பியது. ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம்காரர்களின் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறந்தது. கார் இங்கே, காற்று இங்கே, அணு இங்கே. மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறுகிற அரசு பஸ் மட்டும் டீசலில் முக்கிக்கொண்டு போகிறது. அந்த ரோட்டில் மின்சாரப் பஸ் விட்டால், பேட்டரி தாங்குமோ என்னவோ, பயணி முதுகு தாங்காது. சார்ஜர் வைக்கலாம் என்றால் யாருக்கு? குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-லேயே கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் விருப்பத்தைக் கம்பெனியே அவர்களுக்குப் பதிலாக விரும்பிக்கொண்டது. பெட்டி படுக்கையோடு அவர்கள் இறங்கியதும் டீசல் வண்டியில்தான்.

ஆனால் மலையில் பேட்டரியே கிடையாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2023 ஜூனில் தேனிப் பக்கத்தில் பிடித்த அரிக்கொம்பன் யானையை லாரியில் ஏற்றி, மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாக மேல் கோதையாறில் கொண்டுபோய் விட்டார்கள். கழுத்தில் ரேடியோ காலர். அந்த செப்டம்பரிலேயே ஐயா நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் பக்கம் ஒரு நடை வந்து விசாரித்துவிட்டும் போனார். பேட்டரி மாட்டிக்கொண்டு, செக்போஸ்டில் பாஸ் வாங்காமல், இத்தனை ஏற்றத்திலும் மூச்சு வாங்காமல் மாஞ்சோலையில் ஓடிய கனரக வாகனம் இன்றுவரை அது ஒன்றுதான். சார்ஜ் இறங்கினாலும் வண்டி நிற்காது.