வருமானத்தில் வாழ்பவர்கள்

2014-இல் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் விபச்சாரத்தையும் போதைப்பொருளையும் நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் சேர்த்தது. 2009-ஆம் ஆண்டு நிலவரப்படி 60,879 பாலியல் தொழிலாளிகள், ஆளுக்கு வாரம் சுமார் 25 வாடிக்கையாளர்கள், ஒரு தடவைக்கு 67.16 பவுண்டு. அந்தப் பதினாறு பென்ஸைக் கவனியுங்கள். எந்தத் தெருவில் யார் சில்லறை எண்ணிக் கொடுத்தார்களோ! போதைப்பொருளையும் சேர்த்ததில் பொருளாதாரம் ஏறக்குறைய ஆயிரம் கோடி பவுண்டு ஊதிப் பெருத்தது. கணக்கில் ஏறியவர்களில் ஒருவருக்கும் ஒரு பென்ஸ்கூட வருமானம் கூடவில்லை.

நம் ஊர் டிவி விவாதங்களிலும் இந்தப் பொருளாதாரம் அவ்வப்போது தலைகாட்டும். கோட்டுப் போட்டவர் சொல்வார்: “எல்லாவற்றையும் சட்டபூர்வமாக்குங்கள். கள்ளச் சந்தை ஒழியும், சரக்கு தரமாக இருக்கும், அரசுக்கு வரி வரும்.” எதிரே வெள்ளை வேட்டிக்காரர் பண்பாடு, குடும்பம், தாய்க்குலம் என்று மேசையைத் தட்டுவார். இருவருமே சென்னையில் இறங்கி ஏதாவது ஒரு முனையில் நின்று பார்த்தால் போதும். இவர்கள் சண்டை போடும் பரிசோதனை இங்கே இருபது ஆண்டுகளாகப் பச்சை போர்டு மாட்டி நடந்துகொண்டிருக்கிறது.

2003 நவம்பரில் தமிழ்நாட்டின் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. அந்த நிதியாண்டில் வருவாய் 3,639 கோடி ரூபாய். 2023-24-இல் 45,855 கோடி. மதுவிலக்கு அமைச்சர் சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் இந்தக் கணக்கைத் தாக்கல் செய்கிறார். வரி வரும் என்று கோட்டுக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மற்ற இரண்டையும் கள்ளக்குறிச்சியில் போய்க் கேளுங்கள்.

2024 ஜூனில் கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். விற்ற இடம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரம். அரசுக் கடையில் மலிவான குவார்ட்டரே அப்போது 140 ரூபாய். பாக்கெட் அதில் பாதி விலைக்கும் கீழே. காலையில் மூட்டை தூக்கப் போகிறவன் எதை வாங்குவான் என்று அறிய நோபல் பரிசு வாங்கியிருக்க வேண்டியதில்லை. வரியை ஏற்ற ஏற்ற, ஒழிந்ததாகச் சொன்ன கள்ளச் சந்தை பின்வாசலில் கடை விரிக்கும். இவ்வளவுக்கும் பிறகு மூத்த அமைச்சர் ஒருவர் சட்டமன்றத்திலேயே எழுந்து, உழைக்கிறவர்களுக்கு டாஸ்மாக் சரக்கில் கிக் போதவில்லை, அதனால்தான் அங்கே போகிறார்கள் என்று விளக்கம் சொன்னார். விற்கிறவரே சரக்கு சரியில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையை வேறு எந்த வியாபாரத்தில் பார்ப்பீர்கள்?

இறந்தவர் குடும்பத்துக்குத் தலா பத்து லட்சம் அறிவித்தார்கள். அறுபது குடும்பம் என்று வைத்தால் ஆறு கோடி. 45,855 கோடியை நாளுக்கும், கடை திறந்திருக்கும் பத்து மணி நேரத்துக்கும் வகுத்துப் பாருங்கள், மணிக்குப் பன்னிரண்டரைக் கோடி வரும். மதியம் பன்னிரண்டுக்கு ஷட்டரைத் தூக்கினால் பன்னிரண்டரைக்குள் அறுபது பிணத்துக்கும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் ஒன்பதரை மணி நேரம் லாபம்.

அந்தப் பணத்தில்தானே நலத்திட்டம் என்பார்கள். சரி. குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை. அதே வீட்டு ஆண் நாளுக்கு ஒரு குவார்ட்டர் என்றால், அந்த 140 ரூபாய்க் கணக்கில் மாதம் 4,200 ரூபாய். அந்த ஆயிரம் ஏழு குவார்ட்டருக்குச் சரி, எட்டாம் நாளிலிருந்து வீட்டுப் பணம். புருஷன் சட்டைப்பையில் எடுத்து மனைவியின் வங்கிக் கணக்கில் போட்டு, நடுவில் மூவாயிரத்துச் சொச்சத்தைக் கழித்துக்கொள்வதற்குப் பெயர் சமூகநீதி.

மதுவிலக்கு கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவைத் தடுத்தார். போன வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். 1971-இல் மது திரும்பி வந்தது. விற்பனை வரி மட்டும் வீட்டுக்குப் போகவே இல்லை. தடையும் கல்லாவுக்கு லாபம், அனுமதியும் கல்லாவுக்கு லாபம்.

வெள்ளை வேட்டிக்காரரின் பண்பாட்டுக்கும் வருவோம். பனை நமக்கு மாநில மரம். அதில் ஏறிக் கள் இறக்குகிறவன் குற்றவாளி. ஆலையில் வடித்து லேபிள் ஒட்டி வந்தால் குற்றமில்லை. கஞ்சாவில் இன்னும் வேடிக்கை. பூவும் காயும் வைத்திருந்தால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோவுக்குள் ஓராண்டு வரை சிறை, இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு. அதே செடியின் இலையைத் தனியாகக் கிள்ளினால் சட்டத்தின் கண்ணுக்கு அது கஞ்சாவே இல்லை. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங் என்று வாங்கலாம். ஒரே செடியில் கீழே பக்தி, மேலே பத்தாண்டு.

தூரக் கணக்கைப் படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. 1956-ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டப்படி, கோயிலுக்கோ பள்ளிக்கோ 200 மீட்டருக்குள் ஒரு பெண் இந்தத் தொழில் செய்தால் தண்டனை. டாஸ்மாக் கடை நகரத்தில் 50 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். வணிகப் பகுதி என்று வகைப்படுத்திய இடமானால் அந்த ஐம்பதும் வேண்டாம். அம்மனுக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அரசாங்கத்தைவிட அந்தப் பெண்தான் நாலு மடங்கு ஆபத்து போலும்.

தொழில் தானாகக் குற்றமல்ல, அழைத்தால் குற்றம், இடம் கொடுத்தால் குற்றம் என்கிறது அதே சட்டம். அதை வைத்துப் போலீஸ் கதவை உடைக்கும். மறுநாள் பேப்பரில் “அழகிகள் மீட்பு” என்று, முகத்தைத் துப்பட்டாவால் மூடிய படம் வரும். சொந்த விருப்பத்தில் தொழில் செய்யும் வயதுவந்தவர்களைக் கைது செய்யாதே, படம் போடாதே என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. துப்பட்டாக்களுக்கு இன்னும் அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை.

நியூசிலாந்து 2003-இல் இதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்தது. 2014-இல் அங்கே ஒரு பாலியல் தொழிலாளி, விடுதி நடத்தியவர் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று தீர்ப்பாயம் போய் 25,000 டாலர் இழப்பீடு வாங்கினார். நான் மதிக்கும் பொருளாதார வாதம் அது ஒன்றுதான். அரசுக்கு எவ்வளவு வரும் என்பதல்ல, அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்பது. ஜெர்மனி 2002-இல் தொழிலை முறைப்படுத்திய பிறகு, ஒரே கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் என்று விளம்பரம் செய்த விடுதிகள் முளைத்தன. அதையெல்லாம் அடக்க 2017-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. இங்கே முறைப்படுத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. முதல் வேலையாக ஒரு கழகம் தொடங்குவார்கள், இரண்டாம் வேலையாகத் தீபாவளி இலக்கு நிர்ணயிப்பார்கள்.

நம் 1956 சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பதினெட்டு வயது தாண்டிய எவரும் இன்னொருவரின் விபச்சார வருமானத்தில், முழுதாகவோ ஒரு பகுதியாகவோ, தெரிந்தே வாழ்ந்தால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. அம்மா கட்டிய பணத்தில் கல்லூரிக்குப் போகும் பையன் இதில் அடங்குவான். ஊரான் குடல் அழுகிய வருமானத்தில், ஒரு பகுதியாக, தெரிந்தே, பட்ஜெட் புத்தகத்தில் அச்சடித்து வாழ்கிறவர்களுக்கு அப்படி ஒரு பிரிவு எழுதப்படவில்லை. எழுதினாலும் எஃப்.ஐ.ஆர். யார் போடுவது? ஸ்டேஷன் ரைட்டருக்கும் சம்பளம் அந்தக் கல்லாவிலிருந்துதான் வருகிறது. அவருக்கும் பதினெட்டு வயது தாண்டிவிட்டது.